நாணற்கோலும் நற்றுணையும்



கொழுகொம்பின்றிக் கொடி படர்வதில்லை; பற்றுக்கோடின்றி மனிதன் வாழ்வதில்லை. பிறந்த குழந்தை தன் கைக்கு எட்டிய விரலை இறுகப் பற்றிக்கொள்கிறது. வளர்ந்தபின் பற்றும் பொருள்கள் மாறுகின்றனவேயன்றிப் பற்றும் இயல்பு மாறுவதில்லை. உடல் வலிமை, உத்தியோகம், சேமித்த பணம், உற்றார் உறவினர் என்று ஒவ்வொன்றாக நாம் பற்றிக்கொள்கிறோம். பற்றுவது குற்றமாகாது. பற்றப்படும் பொருள் நம்மைத் தாங்கவல்லதுதானா என்பதே ஆராய வேண்டியது.

இறைவனையே சார்ந்து வாழ்தல் கிறிஸ்தவ வாழ்வின் அடிப்படை என்பதைக் கிறிஸ்தவர் எவரும் மறுப்பதில்லை. ஆயினும் நடைமுறையில் நிகழ்வது யாது? கடவுளை வெளிப்படையாகத் தள்ளிவிடுவோர் சிலரே. அவரைப் பெயரளவில் வணங்கிக்கொண்டே, அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பதிலாளை அமர்த்திக்கொள்வோர் பலர். அந்தப் பதிலாள் தீய பொருளாக இருப்பின் எளிதில் இனங்கண்டு விலக்கிவிடலாம். பெரும்பாலும் அது நல்ல பொருளாகவே இருக்கிறது. சில வேளைகளில் கடவுளே தந்த பொருளாகவும் இருக்கிறது. இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது.

இதனை விளக்கும் வரலாறுகள் விவிலியத்தில் பல. அவற்றுள் யூதா நாட்டு மன்னன் எசேக்கியாவின் வரலாறு தனிச்சிறப்புடையது. ராஜாக்களின் இரண்டாம் நூல், நாளாகமத்தின் இரண்டாம் நூல், ஏசாயாவின் நூல் ஆகிய மூன்றும் அதனைக் கூறுகின்றன. அவனுடைய பகைவர்கள் களிமண்ணில் எழுதி வைத்த குறிப்பும், அவன் காலத்து மதிலும், மலையைக் குடைந்த நீர்வழியும் இன்றளவும் எஞ்சியிருக்கின்றன. இத்தனை சான்றுகளோடு ஒரு மனிதனின் நம்பிக்கையை ஆராயும் வாய்ப்பு நமக்கு எளிதில் கிட்டுவதன்று.

அவன் கதை அவனுடைய தந்தை ஆகாஸிடத்தில் தொடங்குகிறது. கி. மு. 734-ஆம் ஆண்டையொட்டிச் சீரியாவும் வட நாடாகிய இஸ்ரவேலும் கூட்டுச் சேர்ந்து யூதாவின்மேல் படையெடுத்தன. காற்றில் அசையும் காட்டுமரங்களைப் போல் அரசனும் குடிகளும் நடுங்கினர். அவ்வேளையில், வண்ணார் துறைக்குச் செல்லும் சாலையில், மேற்குளத்துக் கால்வாயின் முனையில், தீர்க்கதரிசி ஏசாயா ஆகாஸைச் சந்தித்தார். அமைதியாயிரு, அஞ்சாதே, கடவுளை நம்பு என்பதே அவர் கொண்டு வந்த செய்தி. வேண்டுமானால் ஓர் அடையாளம் கேள் என்றும் கூறினார். ஆகாஸோ, கடவுளைச் சோதிக்க மாட்டேன் என்று பக்தி மணக்க விடையளித்தான். அப்பக்தி மொழிக்குப் பின்னால் வேறொரு திட்டம் இருந்தது. ஆலயத்திலிருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரியச் சக்கரவர்த்தி திகிலாத்பிலேசருக்குக் கையுறையாக அனுப்பி, தன்னை அவனுக்கு அடிமையென்றும் மகனென்றும் எழுதிக்கொண்டான்.

திட்டம் உடனே பலித்தது. கி. மு. 732-இல் அசீரியர் தமஸ்குவைப் பிடித்தனர். யூதாவின் பகைவர் ஒழிந்தனர். ஆகாஸ் தன் மதிநுட்பத்தை எண்ணி மகிழ்ந்திருக்கக்கூடும். ஆனால் கூலிக்கு அழைத்த காவலன் வீட்டைவிட்டுப் போகவில்லை. பத்தாண்டுக்குள், கி. மு. 722-ஐ ஒட்டி, வட நாட்டின் தலைநகர் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. அடுத்த தலைமுறையில் அதே அசீரியப் படை எருசலேமின் வாயிலில் வந்து நின்றது. அசீரிய அதிகாரி நின்று அறைகூவிய இடத்தையும் விவிலியம் குறித்து வைத்திருக்கிறது. அது வண்ணார் துறைச் சாலையில், மேற்குளத்துக் கால்வாயின் அருகே உள்ள இடம். கடவுளை நம்பு என்ற சொல்லைத் தந்தை தள்ளிய அதே இடத்தில், கடவுளுக்குப் பதிலாக அவன் தேடிக்கொண்ட துணை, மகனுடைய பகையாக வந்து நின்றது. பதிலாளின் இயல்பு இதுவே. முதலில் அது ஏவல் செய்கிறது; நாளடைவில் ஏவத் தொடங்குகிறது.

எசேக்கியா தந்தையைப் போன்றவனல்லன். அவன் அரியணை ஏறியதும் ஆலயக் கதவுகளைத் திறந்தான், வழிபாட்டைச் சீர்ப்படுத்தினான். அவன் செய்த சீர்திருத்தங்களுள் ஒன்று மிகுந்த துணிவு வேண்டியது. வனாந்தரத்தில் மோசே செய்த வெண்கலப் பாம்பு அந்நாள் வரை பாதுகாக்கப்பட்டு வந்தது. பாம்புக்கடியால் மடிந்துகொண்டிருந்த மக்கள் அதனை ஏறிட்டுப் பார்த்துப் பிழைத்தனர் என்பது வரலாறு. அதனைச் செய்யச் சொன்னவர் கடவுள், செய்தவர் மோசே, அதனால் உயிர் பிழைத்தவர் முன்னோர். இத்தகைய பெருமை பெற்ற பொருளுக்கு நாளடைவில் மக்கள் தூபங்காட்டத் தொடங்கினர். எசேக்கியா அதனை உடைத்துத் தூளாக்கினான். அதற்கு நெகுஸ்தான் என்ற பெயர் வழங்கியது. எபிரேய மொழியில் வெண்கலத்தைக் குறிக்கும் சொல்லோடும் பாம்பைக் குறிக்கும் சொல்லோடும் ஒலியால் உறவுடைய பெயர் அது. வெறும் வெண்கலந்தானே என்ற பொருள் அதில் தொனிக்கிறது.

இந்நிகழ்ச்சியை நாம் சற்று நின்று நோக்குதல் தகும். அந்நிய நாட்டு விக்கிரகத்தை உடைப்பது எளிது. கடவுள் ஒருநாள் பயன்படுத்திய கருவியைக் கைவிடுவது அரிது. நேற்று அவர் நமக்கு உதவிய வழியையே இன்றைய தெய்வமாக்கிக்கொள்ளும் சோதனை பக்தியுள்ளவர்களுக்கே மிகுதியாக உண்டு. எசேக்கியா இதனை உணர்ந்திருந்தான். ஆயினும் வெண்கலப் பாம்பை உடைத்த அதே கை பிற்காலத்தில் வேறு பல பொருள்களைப் பற்றியது என்பதையும் விவிலியம் மறைக்கவில்லை.

கி. மு. 705-இல் சனகெரிப் அசீரியாவின் அரசனானான். எசேக்கியா அவனுக்குத் திறை செலுத்த மறுத்தான். மறுத்தவன் போருக்கு ஆயத்தம் செய்யவேண்டும் அல்லவா? எருசலேமின் மதில்களை வலுப்படுத்தினான். நகரத்து வீடுகளை எண்ணி, மதிலுக்கு இடையூறான வீடுகளை இடித்தார்கள் என்று ஏசாயா எழுதுகிறார். 1970-ஆம் ஆண்டையொட்டி நகமான் அவிகாத் என்ற தொல்லியல் அறிஞர் பழைய எருசலேமில் அகழ்ந்தபோது, ஏறத்தாழ 7 மீட்டர் அகலமுள்ள மதிலின் ஒரு பகுதி வெளிப்பட்டது. இடிக்கப்பட்ட வீடுகளின்மேல் அது எழுப்பப்பட்டிருந்தது.

மதிலைவிட வியப்புக்குரியது நீர்வழி. எருசலேமுக்கு உயிர்நாடியாக விளங்கியது கீகோன் ஊற்று. அது நகரின் கிழக்குச் சரிவின் அடிவாரத்தில் இருந்தது. முற்றுகையிடும் பகைவனுக்கு அந்நீர் கிடைத்தலாகாது. உள்ளிருக்கும் மக்களுக்கோ அது கிடைத்தாக வேண்டும். ஆகவே மலையைக் குடைந்து, ஊற்றின் நீரை நகருக்குள்ளிருந்த சீலோவாம் குளத்துக்குக் கொண்டுவந்தனர். சுரங்கத்தின் நீளம் 533 மீட்டர். இரு முனைகளிலிருந்தும் இரு கூட்டத்தார் பாறையைக் குடைந்துகொண்டு வந்து நடுவில் சந்தித்தனர். முனைக்கு முனை உள்ள சரிவு ஏறத்தாழ 30 சென்டிமீட்டரே. திசைகாட்டும் கருவியோ நவீன அளவுகோலோ இல்லாத காலத்தில் இதனைச் செய்து முடித்தார்கள். 1880-ஆம் ஆண்டில் அச்சுரங்கத்தின் சுவரில் எபிரேயக் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அது இப்பொழுது இஸ்தான்புல் தொல்பொருட்காட்சியகத்தில் உள்ளது. இடையே மூன்று முழப் பாறை எஞ்சியிருந்தபோது ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரை அழைக்கும் குரல் கேட்டதாக அது கூறுகிறது. எஞ்சியுள்ள ஆறு வரிகளில் அரசன் பெயரும் இல்லை. கடவுள் பெயரும் இல்லை. கோடரியும் கோடரியும் எதிர்ப்பட்டதும், நீர் பாய்ந்ததும் மட்டுமே கூறப்படுகின்றன.

இத்தகைய அரும்பணியைக் கண்டு ஏசாயா பாராட்டியிருப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர் சொன்னதோ வேறு. படைக்கலச் சாலையைப் பார்த்துக்கொண்டீர்கள், மதிலின் பிளவுகளைப் பார்த்தீர்கள், இரு மதில்களுக்கிடையே நீரைத் தேக்கினீர்கள். ஆனால் இவற்றையெல்லாம் நெடுங்காலத்துக்கு முன்னரே வகுத்தவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பதே அவர் கூறிய குறையின் சாரம். மதில் கட்டியது தவறு என்று அவர் கூறவில்லை என்பதைக் கருத வேண்டும். கால்வாய் வெட்டியதையும் அவர் கண்டிக்கவில்லை. கை எதைச் செய்தது என்பதைவிடக் கண் எதை நோக்கியது என்பதையே அவர் கேட்டார். கீகோன் ஊற்றை மனிதன் வெட்டவில்லை. மனிதன் வெட்டியது கால்வாயை மட்டுமே. நீருக்குக் கால்வாயை வாழ்த்தி, ஊற்றைப் படைத்தவரை மறந்தார்கள் என்பதே அவர் எடுத்துக்காட்டிய பிழை.

மதிலும் நீரும் போதா என்று அரசவையினர் எகிப்தின் உதவியையும் நாடினர். எகிப்தின் குதிரைகளும் இரதங்களும் அந்நாளில் பெயர் பெற்றவை. குதிரை ஊனேயன்றி ஆவியன்று, எகிப்தியர் மனிதரேயன்றித் தெய்வமல்லர் என்ற கருத்தில் ஏசாயா எச்சரித்தார். செவிசாய்ப்பார் இல்லை.

கி. மு. 701-இல் சனகெரிப் படையோடு வந்தான். யூதாவின் அரணுள்ள நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. 46 நகரங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவை எருசலேமுக்குள் கூண்டுப் பறவையைப் போல் அடைத்ததாகவும் சனகெரிபே எழுதி வைத்திருக்கிறான். 1830-இல் நினிவேயிலிருந்து கிடைத்த அந்தச் சுட்ட களிமண் பட்டகம் பிரிட்டிஷ் காட்சியகத்தில் இருக்கிறது. லாகீஸ் என்ற நகரம் வீழ்ந்த காட்சியையும், சிறைப்பட்ட குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு வெளியேறும் காட்சியையும் அவனுடைய அரண்மனைச் சுவர்க் கற்களில் செதுக்கியிருந்தனர். அவற்றையும் அங்கே காணலாம்.

எசேக்கியா மனம் தளர்ந்தான். நான் குற்றம் செய்தேன், என்ன விதித்தாலும் தருவேன் என்று ஆள் அனுப்பினான். 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் விதிக்கப்பட்டன. கருவூலம் போதவில்லை. தானே பொன்தகடு வேய்ந்த ஆலயக் கதவுகளிலிருந்து அத்தகட்டைத் தானே உரித்துக் கொடுத்தான். ஆட்சியின் தொடக்கத்தில் திறந்து அழகுபடுத்திய கதவுகள் அவை. பதிலாளுக்குக் கூலி கொடுக்க வேண்டி வரும்போது முதலில் உரிக்கப்படுவது ஆலயக் கதவே. தந்தை செய்ததும் இதுவே. நல்லவனான மகன் செய்ததும் இதுவே. பணத்தைப் பெற்றுக்கொண்ட சனகெரிப் திரும்பிப் போகவில்லை. படையையும் தன் அதிகாரியையும் எருசலேமுக்கு அனுப்பினான்.

ரப்சாக்கே என்று விவிலியம் கூறும் அந்த அதிகாரியின் பேச்சு நுட்பமானது. ரப்சாக்கே என்பது ஆட்பெயரன்று, பதவிப்பெயர். மதில்மேல் இருந்த மக்களுக்கும் விளங்குமாறு அவன் அவர்களுடைய தாய்மொழியிலேயே பேசினான். அரசனின் அலுவலர் சீரிய மொழியில் பேசும்படி வேண்டியும் அவன் இணங்கவில்லை. எதை நம்பி எதிர்க்கிறீர்கள் என்பதே அவன் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. எகிப்தை நம்புகிறீர்களோ? அது நெரிந்த நாணற்கோல். ஊன்றுகிறவன் கையிலே தைத்து ஊடுருவும் என்றான். பகைவன் சொன்னாலும் அது உண்மை. கோல் முறிந்தால் விழுவது மட்டும் நேரும். நெரிந்த கோலோ விழுவதற்கு முன்னரே கையைப் புண்ணாக்கும். இரண்டாயிரம் குதிரைகள் தருகிறேன், ஏறுவதற்கு உங்களிடம் வீரர் உண்டோ என்றும் ஏளனம் செய்தான்.

இறுதியாக மக்களை நோக்கி ஆசை காட்டினான். என்னோடு இணங்குங்கள், அவரவர் தம் திராட்சைக் கனியை உண்டு, தம் கிணற்று நீரைக் குடித்திருங்கள். பின்னர் உங்கள் நாட்டுக்கு ஒப்பான நாட்டுக்கு உங்களை அழைத்துச் செல்வேன், அங்கே தானியமும் அப்பமும் எண்ணெயும் தேனும் உண்டு என்றான். சிறையிருப்பைக் குடியேற்றமாகவும் அடிமைத்தனத்தைப் பிழைப்பாகவும் அவன் அலங்கரித்துக் காட்டினான். பதிலாள் ஒருபொழுதும் அழிவைத் தருகிறேன் என்று சொல்லி வருவதில்லை. அப்பமும் எண்ணெயும் தருகிறேன் என்றே வருகிறது.

இனி எசேக்கியாவின் மனத்தில் நிகழ்ந்த மாற்றத்தைக் காண்போம். ரப்சாக்கேயின் சொற்களைக் கேட்டதும் அவன் இரட்டுடுத்தி ஆலயத்துக்குச் சென்றான். ஏசாயாவிடம் ஆள் அனுப்பி, மிஞ்சியிருக்கும் மக்களுக்காக வேண்டுதல் செய்யுமாறு கேட்டான். அச்செய்தியில் கடவுளைக் குறிப்பிடும்போது உம்முடைய தேவன் என்றே கூறுகிறான். தீர்க்கதரிசியின் கடவுள் தீர்க்கதரிசியின் வேண்டுதலைக் கேட்பார் என்ற நம்பிக்கையே அவனிடம் அப்பொழுது இருந்தது. அதுவும் நல்லதே, ஆயினும் அது ஒரு தூரத்திலிருந்து கொள்ளும் நம்பிக்கை.

சிறிது காலத்துக்குப்பின் சனகெரிபின் கடிதம் வந்தது. இம்முறை எசேக்கியா எகிப்துக்கு ஆள் அனுப்பவில்லை, கருவூலத்தைத் திறக்கவில்லை, ஏசாயாவுக்கும் முதலில் சொல்லி அனுப்பவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு தானே ஆலயத்துக்குள் சென்று, கடவுளுக்கு முன்பாக அதனை விரித்து வைத்தான். அசீரிய அரசர்கள் நாடுகளை அழித்தது மெய்தான் என்று உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொண்டான். அவ்வேண்டுதலில் அவன் வாயில் வந்த சொல் எங்கள் தேவன் என்பது. உம்முடைய தேவன் என்ற சொல்லிலிருந்து எங்கள் தேவன் என்ற சொல்லுக்கு வருவதற்கு இத்தனை மதிலும் பொன்னும் எகிப்தும் பயனற்றுப் போக வேண்டியிருந்தது. உரித்துக் கொடுத்த கதவுகளின் வழியாகவே அவன் உள்ளே சென்றான் என்பதையும் நாம் நினைவிற் கொள்ளலாம்.

சனகெரிபின் படையில் ஒரே இரவில் 1,85,000 பேர் மாண்டனர் என்றும், அவன் நினிவேக்குத் திரும்பினான் என்றும் விவிலியம் கூறுகிறது. அவனுடைய களிமண் பட்டகமோ பெற்ற திறையைப் பெருமையோடு கணக்கிடுகிறது; எருசலேமைப் பிடித்ததாக எங்கும் கூறவில்லை. அரண்மனைச் சுவரில் லாகீஸ் இருக்கிறது, எருசலேம் இல்லை. கி. மு. 681-இல் அவன் தன் மக்களாலேயே கொலையுண்டான்.

இதனால் நாம் முயற்சியைக் கைவிட்டு வாளாவிருக்க வேண்டும் என்று சிலர் கருதக்கூடும். அவ்வாறு கருதுதல் பொருந்தாது. எசேக்கியா கொடிய நோயுற்றபோது அழுது வேண்டினான். கடவுள் அவனுக்குப் பதினைந்து ஆண்டு ஆயுளைக் கூட்டிக் கொடுத்தார். அவ்வாறு வாக்களித்த பின்னரும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் செய்து கட்டியின்மேல் பற்றுப் போடச் சொன்னார். வேண்டுதலும் மருந்தும் பகையல்ல. அவனுக்கு முன்னோனான ஆசா அரசனோ கால்நோயில் கடவுளைத் தேடாமல் வைத்தியரை மட்டுமே தேடினான் என்று நாளாகமம் குறை கூறுகிறது. இருவரும் மருந்தை நாடினர். ஒருவன் மருந்தைக் கடவுளின் கையிலிருந்து பெற்றான். மற்றவன் கடவுளுக்குப் பதிலாகப் பெற்றான்.

ஒருமுறை கற்ற பாடம் என்றென்றும் நிலைத்திருக்கும் என்பதும் இல்லை. நோய் நீங்கியபின் பாபிலோனிலிருந்து தூதர் வந்தனர். எசேக்கியா அவர்களுக்குத் தன் வெள்ளியையும் பொன்னையும் நறுமணப் பொருள்களையும் படைக்கல வீட்டையும் காட்டினான். காட்டாத பொருள் ஒன்றுமில்லை என்று நூல் கூறுகிறது. தன்னைக் குணப்படுத்தியவரைப் பற்றிப் பேசியதாக ஒரு சொல்லும் அங்கே இல்லை. கி. மு. 586-இல் எருசலேமை எரித்துச் சூறையாடியது அந்தப் பாபிலோனே. துன்பத்தில் கடிதத்தை விரித்தவன், வாழ்வு வளம்பட்டபோது கருவூலத்தை விரித்தான். துன்பத்தைவிடச் செழிப்பிலேயே பதிலாள் நம்மிடம் எளிதில் நுழைகிறது.

புதிய ஏற்பாட்டில் இச்சுரங்கத்தின் நீர் மீண்டும் ஒருமுறை தோன்றுகிறது. பிறவிக் குருடன் ஒருவனுடைய கண்களில் இயேசு சேற்றைப் பூசி, சீலோவாம் குளத்தில் கழுவச் சொன்னார். எசேக்கியாவின் கால்வாய் கொண்டுவந்த கீகோன் நீரே அக்குளத்தில் இருந்தது. 2004-இல் அக்குளத்தின் கற்படிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. பார்வை பெற்றவனை ஊரார் மாறி மாறி விசாரித்தனர். அவன் குளத்தைப் புகழவில்லை; சேற்றுக்கு மருத்துவக் குணம் உண்டென்றும் கூறவில்லை. இயேசு என்னும் ஒருவர் சொன்னார், போய்க் கழுவினேன், காண்கிறேன் என்பதே அவனுடைய சாட்சி. நீரும் இருந்தது, சேறும் இருந்தது, நடந்து சென்ற கால்களும் இருந்தன. நன்றி மட்டும் உரிய இடத்துக்குச் சென்றது. கருவியைப் பயன்படுத்தியும் அதற்கு அடிமைப்படாத கிறிஸ்தவ வாழ்வுக்கு இதனினும் தெளிவான சித்திரம் வேண்டுவதில்லை.

தாய்நாட்டை விட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வேறு தொழில் நகரங்களிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்கு இவ்வரலாறு தனிப்பொருள் உடையது. ஊரில் நம்முடைய பக்தியைத் தாங்கி நின்ற தூண்கள் பல. விடியற்காலை ஆலயமணி நம்மை எழுப்பியது. பாட்டியார் மாலையில் குடும்ப ஜெபத்துக்கு அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாவிடில் தெருவே கேட்டது. இரயிலேறி இங்கு வந்தபின் மணி இல்லை, பாட்டியார் இல்லை, கேட்பார் இல்லை. அத்தூண்கள் நீங்கிய பின்னரே, நாம் இதுவரை சாய்ந்திருந்தது கடவுளின்மேலா, தூண்களின்மேலா என்பது வெளிப்படுகிறது. ஊரில் பக்தராக விளங்கிய பலருடைய நம்பிக்கை வெளியூரில் ஓராண்டுக்குள் உலர்ந்து போவதன் காரணம் இதுவே.

உலர்ந்து போகாமல் காத்துக்கொள்ள நாம் சில துணைகளைத் தேடுகிறோம். தமிழ்ச் சபை ஒன்று கிடைக்கிறது. ஊர்க்காரர் முகத்தைக் காண்கிறோம், தாய்மொழியில் பாடுகிறோம், ஆராதனை முடிந்தபின் ஊர்ச் செய்தி பேசுகிறோம். இவையெல்லாம் கடவுள் தரும் நன்மைகளே. அவற்றுக்காக நாம் நன்றி கூறுகிறோம். ஆயினும் தமிழைக் கேட்ட மகிழ்ச்சியையே கடவுளைக் கண்ட மகிழ்ச்சி என்று மயங்குவது எளிது. புத்தாண்டு இரவில் வாக்குத்தத்த அட்டை ஒன்றைப் பெற்று வருகிறோம். அதனைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறோம். ஆண்டு முழுவதும் அது வீட்டைக் காக்கும் என்று உள்ளூர எண்ணுகிறோம். அட்டையிலுள்ள வசனம் உண்மையே. வசனத்தைத் தந்தவரோடு ஆண்டு முழுவதும் ஒருநாளும் பேசாமல், அட்டையை மட்டும் நம்பியிருந்தால், அதுவும் ஒரு நெகுஸ்தானே. போதகர் ஐயர் ஜெபித்தால் போதும் என்று விட்டுவிடுதலும் உம்முடைய தேவன் என்ற நிலையிலேயே நின்றுவிடுதலாகும்.

உலகியல் துணைகளும் உண்டு. வேலை நிலையானது என்று நம்புகிறோம். சேமநிதி சேர்ந்துகொண்டிருக்கிறது என்று ஆறுதல் கொள்கிறோம். பெரிய இடத்தில் நமக்கு ஒருவர் இருக்கிறார் என்று மகிழ்கிறோம். ஆலை மூடப்படும் நாளும், பெரிய இடத்தவர் ஓய்வு பெறும் நாளும், மருத்துவச் செலவு சேமநிதியை விழுங்கும் நாளும் அயலூரில் வாழ்பவனுக்கு அச்சம் மிகுந்தவை. திரும்பிச் செல்ல ஊரில் நிலம் இல்லை. இங்கே கைகொடுக்க உறவு இல்லை. அந்நாளில் குழந்தைகள் தந்தையின் முகத்தைப் பார்ப்பார்கள். அம்முகம் எதை நோக்கியிருக்கிறது என்பதிலிருந்தே அவர்கள் தம் சமயத்தைக் கற்றுக்கொள்வார்கள். ஓய்வுநாள் பள்ளியில் கற்பதைவிட அது ஆழமாகப் பதியும்.

ஒரு பொருள் கருவியாக இருக்கிறதா, பதிலாளாகிவிட்டதா என்பதை எவ்வாறு அறிவது? இக்கட்டு நேரும்போது நம் உள்ளம் முதலில் எங்கே ஓடுகிறது என்று கவனித்தால் ஓரளவு விளங்கும். அப்பொருளுக்காகக் கடவுளுக்குக் கடைசியாக நன்றி கூறியது எப்பொழுது என்று எண்ணிப் பார்த்தால் மேலும் விளங்கும். அப்பொருள் நாளை நம்மை விட்டுப் போகுமாயின், துயரம் வரும், அது இயற்கை. துயரத்தோடு கடவுளும் போய்விட்டதாகத் தோன்றுமாயின், நாம் எதனைக் கடவுளாகக் கொண்டிருந்தோம் என்பது ஐயமற விளங்கிவிடும்.

எசேக்கியாவின் கடிதத்தைப் போன்ற தாள்கள் நம் வீடுகளுக்கும் வருகின்றன. வேலை நீக்க அறிவிப்பு, மருத்துவரின் அறிக்கை, ஊரிலிருந்து வரும் வழக்குச் சம்மன், கடன் நினைவூட்டல் ஆகியவை அவை. அவற்றைக் கண்டதும் செய்ய வேண்டிய காரியங்கள் பல உண்டு. மேலதிகாரியைக் காணவேண்டும், மருத்துவரிடம் செல்லவேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள வேண்டும். அவற்றைச் செய்வோமாக, கால்வாயையும் வெட்டுவோமாக. ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்பாக, வாடகை வீட்டின் ஒற்றை அறையேயாயினும், கதவைச் சாத்தி அத்தாளைக் கடவுளுக்கு முன் விரித்து வைப்போமாக. அதிலுள்ளது உண்மைதான் என்று ஒப்புக்கொள்வோமாக. எங்கள் தேவனே என்று நம் சொந்த வாயால் அழைப்போமாக. எருசலேமின் கீகோன் ஊற்று மனிதன் வெட்டிய கால்வாய்க்கு முன்னரே சுரந்துகொண்டிருந்தது. நாம் குடியேறிய நகரங்களிலும் அவருடைய அருள் நமக்கு முன்னரே வந்து காத்திருக்கிறது.